ஈர் சொன்ன தேதி

என் தலையில் முடி கிடையாது. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் கொட்டிவிட்டது. ஓரங்களில் மிச்சமிருந்ததையும் நானே வழித்துக்கொள்ள ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் பேன் என்பது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ரொம்ப நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் ஜூன் முதல் வாரத்தில் என் மனைவி அலுவலக வேலையாக நான்கு மாதத்துக்கு ஜெர்மனி போனாள். பெங்களூரில், பொம்மனஹள்ளியில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில் நானும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும். நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் சமையல், பள்ளிக்கூட வேன், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் எப்படியோ ஓட்டிவிட்டேன். என்னைத் திணறடித்தது பின்னல் ஒன்றுதான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு இரண்டு சடை போடுவேன். ஒன்று கயிறு மாதிரி இறுகி நிற்கும், இன்னொன்று மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். மகள் பெருந்தன்மையாக எதுவும் சொல்ல மாட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் அவளுடைய டயரியில் வகுப்பு ஆசிரியை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளையின் தலையைத் தயவுசெய்து பார்க்கவும் என்று. என்ன பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. மாலை பால்கனிக்கு அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்து, வகிடு பிரித்துக் குனிந்து பார்த்தேன். எள் நிறத்தில் ஒன்று வேகமாக ஓடி முடிக்குள் மறைந்தது. கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. அசையாம உக்காரு."

"பேனா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது ரொம்ப நாளா ஓடிட்டிருக்குப்பா. கிச்சுகிச்சு மூட்டற மாதிரி இருக்கும்."

அந்த 'ரொம்ப நாளா' என்ற வார்த்தையை நான் அப்போது காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. யாரிடமிருந்து வந்திருக்கும் என்பதிலேயே என் புத்தி போய்விட்டது. பதில் உடனே கிடைத்தும் விட்டது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஜூலை நடுவில்தான் ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். கணவர் கார் ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர்ச் சவாரி. அந்த அம்மா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து முடித்த சட்டைகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். நூல் பிசிறு, கோணல் தையல், விட்டுப்போன பொத்தான்துளை எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபாக்டரிக்குப் பக்கம் என்பதால் அல்சூரை விட்டு இங்கே வந்திருந்தார்கள். அவர்களுக்கு என் மகள் வயதில் ஒரு பெண். இடுப்பு வரை முடி. தினமும் காலையில் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்புவார் அந்த அம்மா. வந்த மூன்றாம் நாளே இரண்டு பெண்களும் சிநேகிதமாகிவிட்டார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே நோட்டில் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் வரைவார்கள்.

அந்தத் தலையோடு தலைதான் என் கண்முன் வந்தது. அலுவலகத்தில் ஒரு பிழை இன்னாரால் வந்தது என்று எழுதுவதற்கு முன் நான் நான்கு தடவை சோதித்துப் பார்க்கிறவன். இங்கே ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. ஃபாக்டரிக்குப் போகிற குடும்பம், ஒற்றைப் படுக்கையறை வீடு, அதனால் அங்கிருந்துதான் வந்திருக்கும். என் மனம் இவ்வளவு பச்சையாக யோசித்தது என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேராகக் கீழே இறங்கிப் போனேன். அந்த அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, நடையில் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம்மா. உங்க பொண்ணு தலையக் கொஞ்சம் பாத்துக்கோங்க. எங்க பாப்பாவுக்குப் பேன் தொத்திக்கிச்சு. கொஞ்ச நாளைக்கு அவளை மேல அனுப்ப வேணாம்."

அவர் துணி எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி சார்," என்றார்.

அவ்வளவுதான். நான் மரியாதையாகத்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு படியேறினேன்.

மருந்துக் கடைக்காரரிடம் நான் சைகையும் அரைக் கன்னடமுமாக விளக்க ஆரம்பித்தபோது அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "ஹேனா சார்?" நம்முடைய பேன்தான் அங்கே ஹேனு. பால் ஹாலு ஆவது போல. ஈருக்கு சீரு. ஒரு பாட்டில் லோஷனும் ஒரு பேன் சீப்பும் கொடுத்தார். பாட்டிலில் போட்டிருந்தபடி பத்து நிமிடம் ஊறவைத்து, கடிகாரம் பார்த்துக் கழுவினேன். வீடு முழுக்க வாசனை. மறுநாள் காலை பார்த்தால் வகிட்டின் ஓரமாக ஒன்று குளித்துவிட்டு வந்ததுபோல் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தது. திரும்பக் கடைக்குப் போனேன். "இப்பல்லாம் இந்த மருந்துக்கு அதுங்க பழகிப்போச்சு சார். எண்ணெய் வெச்சு சீப்புல வாருங்க. மூணு நாளைக்கு ஒரு தடவ, விடாம," என்றார். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க மருந்துதானே கேட்டீங்க," என்றார்.

அன்று மதியம் ஒரு மீட்டிங்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நான் காமிராவை அணைத்துவிட்டுப் பேனைப் பற்றிப் படித்தேன். ஆரம்பித்தது அருவருப்பில்தான். அரைமணி நேரத்தில் மரியாதை வந்துவிட்டது. அதற்குச் சிறகு கிடையாது. குதிக்கவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டால், அந்த இடைவெளியில் நடந்துபோகும், அவ்வளவுதான். ஆறு கால்களின் நுனியிலும் கொக்கி போல ஒரு நகம். மனித முடியின் கனத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அது வளைந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் முக்கினால் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். ஆனால் தலையிலிருந்து தவறிக் கீழே விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். நாய், பூனை, ஆடு, மாடு எதன் உடம்பிலும் அதற்குப் பிழைப்பு இல்லை. மனிதத் தலையை விட்டால் உலகத்தில் வேறு ஊர் இல்லாத உயிர். தலை சுத்தமா அழுக்கா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்றும் படித்தேன். அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு வேகமாகக் கீழே தள்ளினேன்.

ஃபோன் காமிராவில் மாட்டுகிற பூதக்கண்ணாடிக் கிளிப் ஒன்றை வரவழைத்தேன். மகளுக்குக் காட்டினால் சீப்புக்குத் தலையை அடங்கிக் கொடுப்பாள் என்று ஒரு கணக்கு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு பேனை விட்டு, அதன்மேல் ஃபோனைப் பிடித்தேன். திரையில் அது விரலளவு தெரிந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

"அது என்னப்பா செகப்பா?"

"உன் ரத்தம்தான். காலைல குடிச்சது."

அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். "என் ரத்தமா?" என்று கிட்டே வந்து பெருமையாகப் பார்த்தாள். அப்புறம் அதைக் கொல்லக் கூடாது என்று ஒரே வாக்குவாதம். அது அவளுடைய ரத்தம் என்பதால் அவளுக்குச் சொந்தமாம். மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ள அனுமதித்தேன். மறுநாள் சாயங்காலம் அது கால் நீட்டிக் கிடந்தது. அவள் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். தலையில் இருந்தவற்றுக்காக வருத்தப்படவில்லை.

இதற்கிடையில் மூன்றாவது நாள் காலை, வேன் வரும் நேரத்தில், கீழ்வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பு வரை இருந்த முடி காதோடு வெட்டப்பட்டிருந்தது. ரிப்பன் இல்லை. அவள் என்னைப் பார்த்ததும் கையால் பிடரியை மூடிக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. என் மகள் வேனில் ஏறியபின் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "ஏம்பா அவளுக்கு முடிய வெட்டிட்டாங்க?" வேன் கிளம்பிவிட்டதால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளுக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டிருந்தேன். பேன்கள் எண்ணெயில் மந்தமாகிச் சீப்போடு வந்தன. ஈர்தான் வரவில்லை. தாய்ப்பேன் ஒருவகைப் பசையைச் சுரந்து முட்டையை முடியில் ஒட்டிவிடுகிறது. முடியை அறுத்தாலும் அறுக்கலாம், அந்தப் பசையைப் பிரிப்பது கஷ்டம். ஒவ்வொன்றாக நகத்தால் உருவிக் காகிதத்தில் வைத்தேன். ஈர் ஒட்டியிருந்த நீளமான முடி ஒன்று கையோடு வந்துவிட்டது. மகள் அதை வாங்கி லென்ஸில் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு மூடி தெறந்திருக்கு. உள்ள யாருமில்ல."

"பொரிச்சு வெளிய போயிடுச்சு. அது வெறும் ஓடு."

"இது ஏன் இவ்ளோ தள்ளி இருக்கு? மத்ததெல்லாம் தலைகிட்டயே இருக்கே."

கேள்வி நியாயமானது. முட்டைக்கு உடம்புச் சூடு வேண்டும், அதனால் பேன் எப்போதும் தோலை ஒட்டியேதான் வைக்கும் என்று படித்திருந்தேன். வாரம் பத்து நாளில் குஞ்சு வந்துவிடும். ஓடு மட்டும் முடியிலேயே நிற்கும். முடி வளர வளர அதுவும் கூடவே தள்ளிப் போகும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது எனக்கே கேட்டது. அவள் பென்சில் பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். வேர்நுனியைச் சுழியத்தில் வைத்து அளந்தாள்.

"மூணு சென்டிமீட்டர். கொஞ்சம் கூட."

"ம்."

"முடி ஒரு மாசத்துக்கு எவ்ளோப்பா வளரும்?"

"சுமாரா ஒரு சென்டிமீட்டர்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆகஸ்ட், ஜூலை, ஜூன், மே. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அவங்க ஜூலைலதானே வந்தாங்க? அப்ப நான்தான் அவளுக்குக் குடுத்தேனாப்பா?"

நான் அந்த ஸ்கேலை வாங்கி இன்னொரு முடியை அளந்தேன். அது இரண்டரை. இன்னொன்று மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைக்குப் பிள்ளை முடி வளர்கிற வேகம் கொஞ்சம் மாறும், அது எனக்குத் தெரியும். ஆனால் எப்படி இழுத்துப் பார்த்தாலும் அந்த ஓடுகளை ஜூலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியவில்லை. மே மாதம் என் மனைவியின் ஊரில் ஒரு கல்யாணம் நடந்தது. திருவண்ணாமலைப் பக்கம். மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரிசையாகத் தூங்கினார்கள். அவர்களோடு அவர்களாக என் மனைவியும். ஜெர்மனி கிளம்பும்வரை மகள் அவளை ஒட்டித்தான் படுத்தாள்.

"ஆமாம்மா," என்றேன்.

"அப்ப நீங்க போய் சொல்லிடணும்ல?"

"சொல்லிடறேன்."

சனிக்கிழமை சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு ஃபாக்டரி இருந்தது என்பது நான் கண்டுபிடித்த காரணம். அவர் ஆறு மணிக்கு வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன் என்பது உண்மை. பதிலாக மனைவிக்கு ஃபோன் செய்தேன். வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன், கீழ்வீட்டில் பேசியது உட்பட. அந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் அளவையும் மாதத்தையும் சொன்னபோது அவள் கை மெதுவாகக் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது.

"எத்தன நாளா சொறியற?" என்றேன்.

"வந்ததுலேர்ந்துதான். இங்க தண்ணி ஒத்துக்கலன்னு நெனச்சேன். மூணு ஷாம்பு மாத்திட்டேன்."

நான் சிரித்தேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அவளும் சிரித்தாள். கூடத் தங்கியிருந்த தோழியின் தலையை நினைத்ததும் நிறுத்திக்கொண்டாள். திங்கட்கிழமை அங்கே மருந்துக் கடையில் அவளுக்கு வார்த்தை கிடைக்காமல், இரண்டு விரலைத் தலையில் நடக்கவிட்டுக் காட்டினாளாம். கடைக்கார அம்மாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மூன்று வகைச் சீப்பை எடுத்து வைத்தார்களாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இது வழக்கம்தானாம். "நான் கூனிக் குறுகிட்டுப் போனேன், அவங்க என்னடான்னா பேஸ்ட் எடுத்துக் குடுக்கற மாதிரி குடுக்கறாங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழே போனேன். கையில் ஃபோன். அதில் ஸ்கேலோடு எடுத்த படங்கள். தப்பை ஒப்புக்கொள்ளப் போகும்போதுகூட ஆதாரத்தோடு போகிற புத்தி எனக்கு. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. உங்க பாப்பாகிட்டேர்ந்து வரல. எங்க பாப்பாவுக்கு மே மாசத்துலேர்ந்தே இருந்திருக்கு. இங்கேர்ந்துதான் உங்க வீட்டுக்குப் போயிருக்கு. பாக்காம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஃபோனை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு கணம்தான் பார்த்தார்.

"காலி ஈரு. பழசு," என்று திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மொதல் வாரமே தெரியும் சார். ரெண்டும் படியில உக்காந்து வரைஞ்சிட்டு இருந்துச்சுங்க. நான் பின்னாடி நின்னேன். உங்க பொண்ணு காதுக்குப் பின்னாடி வெள்ளை வெள்ளையா நல்லா எறங்கி நின்னிருந்துச்சு. என் வேலையே அதான சார், கண்ணு தானா போவுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"புதுசா குடி வந்திருக்கோம். மேல் வீட்டு சார், ஆஃபீஸ்காரங்க. உங்க பொண்ணுக்குப் பேன் இருக்குன்னு நான் வந்து நின்னா நீங்க எப்படி எடுத்துப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

"சரி, நான் வந்து சொன்னேனே, அன்னைக்காவது…"

"அன்னைக்கு நீங்க எங்க சார் கேட்டீங்க. சொன்னீங்க, போயிட்டீங்க."

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"முடிய வெட்டினீங்களே," என்றேன்.

"வெட்டினேன். கோவத்துல வெட்டினேன். உங்க மேல இருந்த கோவம், அது தலைல விழுந்துச்சு. முடி வளந்துடும் சார், அதுக்கென்ன. ரெண்டு நாளு கண்ணாடி பக்கம் போகல அவ. அதான்." ஒரு கீரைக் காம்பை ஒடித்தார். "வெட்டியும் போகல பாருங்க. வேர்லயே உக்காந்திருக்கு."

பேனுக்குத் தோலை ஒட்டி விரற்கடை முடி இருந்தால் போதும் என்று நான் படித்திருந்தேன். அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. வாழ்க்கையில் எப்போதாவது வருகிற நல்ல புத்தி.

"எங்க பாப்பாவுக்கு எண்ணெய் வெச்சு வாரிட்டிருக்கேன். ஈருதான் வர மாட்டேங்குது," என்று மட்டும் சொன்னேன்.

"எங்க, கூப்பிடுங்க பாக்கலாம்," என்றார்.

மழை விட்டு வெயில் நன்றாக வந்திருந்தது. மொட்டை மாடிக்குப் போனோம். அந்த அம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தேங்காயெண்ணெய்ப் பாட்டில், இரண்டு பேன் சீப்பு, வெள்ளைத் துணி ஒன்று, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் மேஜை வேலைக்கு அடுக்குவதுபோல் அடுக்கினார். என் மகளின் தலையை நான்காகப் பிரித்து மூன்று பங்கை க்ளிப் போட்டு ஒதுக்கினார். மிச்சமிருந்ததை இடது ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அதை முடித்தால் அடுத்தது என்று போனார். நான் ஒரு மணி நேரம் கண்ணை இடுக்கியும் பார்க்காதவற்றை அவர் பத்து நிமிடத்தில் உருவிப்போட்டார்.

"நீங்க இங்கொண்ணும் அங்கொண்ணுமா பாத்திருக்கீங்க சார். அப்படிப் பாத்தா பீஸ் பாஸ் ஆயிடும், டேமேஜ் உள்ளயே இருக்கும்."

என் தொழிலைப் பற்றி என் மேலாளர்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நான் கீழ்வீட்டுப் பெண்ணின் தலையை எடுத்துக்கொண்டேன். முதலில் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் மொட்டைத் தலையைக் குனிந்து காட்டி, "நீ வேணா மொதல்ல என் தலைய செக் பண்ணு," என்றேன். அவள் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்து, "பாஸ்," என்றாள். அதன் பிறகு தலையைக் கொடுத்தாள்.

வாரிக்கொண்டே, படித்த கதைகளையெல்லாம் சொன்னேன். என் மகள் அவளுக்குப் பேன் கொடுத்தாள், என் மகளுக்கு என் மனைவி, மனைவிக்குக் கல்யாணத்துக்கு வந்த ஏதோ ஒரு பிள்ளை. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பல லட்சம் வருடத்துக்கு முன்னால் நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரே முன்னோர் இருந்தார்கள், அவர்கள் தலையிலும் பேன் இருந்தது, நாம் பிரிந்தபோது பேனும் இரண்டு குடும்பமாகப் பிரிந்து நம்மோடு ஒன்று, அவற்றோடு ஒன்று என்று போய்விட்டது என்றேன். மனிதனின் பேனுக்கு இன்றைக்கும் நெருங்கிய சொந்தம் சிம்பன்சியின் பேன்தான்.

"சொத்து பிரிச்ச மாதிரி," என்றார் அந்த அம்மா.

கொரில்லாவின் வழியாக வந்த இன்னொரு வகைப் பேனும் மனிதனுக்கு உண்டு. அது தங்குகிற இடம் தலை அல்ல. பிள்ளைகள் முன்னால் அதை விட்டுவிட்டேன். சீலைப்பேனைச் சொன்னேன். அதுவும் தலைப்பேன் வம்சம்தான். மனிதன் எப்போது உடம்பில் துணி உடுத்த ஆரம்பித்தானோ அப்போது ஒரு கூட்டம் தலையை விட்டு இறங்கி, துணியில் குடியேறி, தையல் மடிப்பில் முட்டை வைக்கப் பழகிவிட்டது. இந்த இரண்டு பேனும் எப்போது பிரிந்தன என்று அவற்றின் மரபணுவை வைத்துக் கணக்குப் போட்டுத்தான், மனிதன் எப்போது துணி உடுத்தினான் என்றே ஆராய்ச்சிக்காரர்கள் உத்தேசமாகச் சொல்கிறார்கள். துணி மக்கிப் போய்விடும். பேனின் வம்சாவளி மக்காது.

அந்த அம்மா சீப்பை நிறுத்திவிட்டுத் தன் ரவிக்கைக் கையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்த மடிப்புலயா?"

"ஆமாம்மா. துவைக்காம, மாத்தாம ஒரே துணியில கெடந்தாதான். நமக்கெல்லாம் வராது."

"அப்ப துணின்னு ஒண்ணு வந்ததுமே மொதல்ல செக்கிங் பண்ணது அதுதான்," என்று சிரித்தார். "நாளைக்கு ஃபாக்டரில எங்க லைன்ல சொல்றேன். எல்லாம் மடிப்பு மடிப்பா திருப்பிப் பாக்கும்."

அன்று அவர் என்னிடம் சிரித்தது அதுதான் முதல் தடவை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் மறுபடியும் கேட்கவும் இல்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை மொட்டை மாடியில் கூடுவது என்று மட்டும் முடிவானது. முட்டையில் இருப்பவை பொரித்து, வளர்ந்து, அடுத்த முட்டை வைப்பதற்குள் பிடித்துவிட வேண்டும். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் செய்ய வேண்டும். வார நாட்களில் அவர் ஃபாக்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு மேலே வருவார். நான் டீ போட்டு எடுத்துப் போவேன். வகுப்பு ஆசிரியைக்கு டயரியில் பதில் எழுதினேன். இருந்தது உண்மை, வாரிக்கொண்டிருக்கிறோம், மற்றப் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று. அந்த வாரமே மூன்று பெற்றோர் என்னைக் கூப்பிட்டு, தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு, எந்தச் சீப்பு வாங்க வேண்டும் என்று கேட்டார்கள்.

குட்டை முடி கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மெல்லப் பிடித்துப்போனது. காலையில் கால்மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். என் மகள் பொறாமைப்பட்டாள். வெட்டிவிடச் சொல்லி என்னிடம் கேட்டாள். உன் அம்மா வரட்டும் என்றேன். சடை போடத் தெரியாதவன் கத்திரிக்கோலைத் தொடுவது சரியில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு தலையிலும் எதுவும் வரவில்லை. அந்த அம்மா ஒருமுறைக்கு இரண்டுமுறை வாரி, சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துத் துடைத்துக் காட்டினார். துணியில் எண்ணெய்க் கறை மட்டும்தான்.

"ரெண்டும் பாஸ்," என்றார்.

அவர் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உன் தலைய யாரு பாத்தா?"

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல போடி."

"நான் உன்கூடத்தானே படுக்கறேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். இரண்டு பெண்களும் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்த்தார்கள். நான்காகப் பிரித்தார்கள். மூன்றுக்கு க்ளிப். என் மகள் இடது ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகப் பிரிக்க, அந்தப் பெண் எண்ணெய் வைத்து வாரினாள். இரண்டாவது பட்டையிலேயே ஒன்று கிடைத்தது. துணியில் வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நன்றாக வளர்ந்த பேன். அதன் உள்ளே சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, உனக்கும் இருக்கு," என்று அவள் பெண் மிகுந்த சந்தோஷத்துடன் அறிவித்தாள்.

"இருக்கட்டும், எடுங்க," என்றார் அவர். குரல் ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் இருந்தது. ஆறு நாளும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். வெயில் இதமாக இருந்தது. தலையில் நான்கு சின்னக் கைகள். இன்னும் இரண்டு பட்டை முடிவதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

என் மகள் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் வெயில் அவர் முகத்தில் விழாதபடி கொடியில் ஒரு போர்வையை இழுத்துப் போட்டேன். பிள்ளைகள் கிசுகிசுவென்று பேசியபடி மூன்றாவது பங்கின் க்ளிப்பை எடுத்தார்கள்.